அட்மின் அண்ணனுக்குத் தரை டிக்கெட்

எங்கள் ரசிகர் குழுவில் சேர, தலைவர் படத்தை முதல் நாளே பார்த்ததற்குச் சாட்சியாக, கிழித்த டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் பால்கனி. இல்லையென்றால் தரை டிக்கெட்: லைக் மட்டும் போடலாம், ஒரு வார்த்தை எழுத முடியாது. இந்த விதியைப் போட்டவர் திருப்போரூர் அட்மின் அண்ணன்.

போன வருடம் நான் சேர்ந்தபோது பாப்பாவுக்கு மூன்று மாதம். தியேட்டருக்கு எங்கே போவது? சொல்லிப் பார்த்தேன்.

"கொயந்த பொறந்தா தலைவரு படத்துக்கு லீவா? தரைல குந்து மேடம்" என்று எல்லோர் முன்னாலும் எழுதினார். பத்துப் பேர் சிரித்தார்கள். பகலெல்லாம் பேச ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த படத்துக்குப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் டிக்கெட் அனுப்பினேன். இப்போது நானும் ஒரு அட்மின்; புதிதாக வருபவர்களைச் சரிபார்ப்பது நான்தான்.

இன்று மதியம் ஒரு விண்ணப்பம். அண்ணனேதான்! மாமல்லபுரத்தில் அலை போனை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். பழைய கணக்கு திறக்கவில்லையாம். டிக்கெட் படங்களும் அதோடு போச்சாம்.

"இன்னாம்மா, என்னிய தெர்ல? குரூப்பே நான் ஆரம்பிச்சது!"

"தெரியுது அண்ணாத்த. டிக்கெட் கீதா, இல்லியா?"

"பேஜாரு பண்ணாத, உள்ள வுடு."

விட்டேன். தரையில்.

மற்ற அட்மின்கள் என்னைக் குழுவிலிருந்தே தூக்கிவிடுவார்களோ என்று அப்போதிலிருந்து படபடப்புதான். ஆனாலும் சாயங்காலம் குழுவில் பாப்பா படத்தைப் போட்டேன்.

முதல் லைக் அண்ணனுடையது. பாவம், வேறென்ன செய்ய முடியும்?

அடுத்த படம் வர எட்டு மாதம் ஆகுமாம். அதுவரை குந்தட்டுமா, மேலே ஏற்றிவிடலாமா? சொல்லுங்கள்.