பன்னிரண்டு மணி ஊசி

நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டது அவளாக எடுத்த முடிவல்ல. குளவிகள் கூடி எடுத்த முடிவு. றொசல்லவுக்கு மேலே அவள் பிறந்த தோட்டத்தில், கூட்டைக் கலைத்த குரங்கு ஓடித் தப்பிவிட்டது. கூடையோடு நின்றவள் மாட்டிக்கொண்டாள். முப்பத்தொரு கொட்டு. முகம் பூசணிக்காயாகி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை" என்றார் டொக்டர். குளவியிடம் போய் யார் உத்தரவாதம் வாங்குவது? தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிவிட்டு, டிக்கோயாவுக்கு மேலே இருந்த முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது.

சேர்ந்த அன்று அவளுக்குக் கிடைத்த பயிற்சி ஒரு விளக்குமாறும், "பாத்துக்க" என்ற ஒரு சொல்லும். மற்றதையெல்லாம் அவளே கற்றாள். குளிக்க வார்க்கும் வெந்நீரை முதலில் தன் முழங்கை மடிப்பில் ஊற்றிப் பார்ப்பாள். படுக்கையிலேயே கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்ட வேண்டும் என்பதை, ஒரு கிழவியின் முதுகு புண்ணான பிறகுதான் தெரிந்துகொண்டாள். ஐந்து வருடமாகியும் அந்த முதுகை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர்களுக்கு நன்றாகவே இறங்கியது.

இல்லம் ஒரு பழைய துரை பங்களா. இருபத்தொரு பேர் இருந்தார்கள். கூடத்துச் சுவரில் சாமி படம் ஒன்று. மீதியெல்லாம் சாப்பாடு கொடுத்தவர்களின் படங்கள். பிறந்தநாள், நினைவுநாள் என்று ஊரில் எது வந்தாலும் இல்லத்துக்கு ஒரு பகல் சாப்பாடு கொடுப்பது அங்கே வழக்கம். நல்ல வழக்கம்தான். அதன் மேல் மெனேஜர் ஜீவராஜ் ஏற்றி வைத்த சட்டம்தான் கெட்டது. சாப்பாடு வருகிற நாளில் காலை ரொட்டிக்குப் பிறகு குசினி அடுப்பு எரியாது. கொடுப்பவர்கள் வந்து, பரிமாறி, படம் பிடித்து முடிக்கும்வரை யார் வாயிலும் ஒரு பருக்கை போகக் கூடாது.

"வயிறு நெறைஞ்சவன் மூஞ்சி படத்துல எடுபடாது" என்பார் ஜீவராஜ். அவர் எந்நேரமும் டை கட்டுவார். அந்தக் குளிரில் அது கழுத்தை மட்டும்தான் காப்பாற்றும்.

இதற்குப் பழிவாங்கும் பொறுப்பை இராமையா ஏற்றிருந்தார். தேயிலைப் பெக்டரியில் முப்பத்தைந்து வருடம் ரோலர் மெஷின் ஓட்டியவர். வயது எழுபத்து நாலு. சீனி வியாதி. கேமரா சொடுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்வார். மறுபடி எடுப்பார்கள்; மறுபடி மூடுவார். "கண்ணு கூசுதுங்க" என்பார் பரிதாபமாக. சுவரில் இருந்த இருபது படங்களில் அவர் இருபது தடவை தூங்கிக்கொண்டிருந்தார்.

அவரையும் சேர்த்து நான்கு பேருக்குப் பகலில் இன்சுலின் ஊசி. போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். அதைப் போட வருகிற நர்ஸ் கஜனி யாழ்ப்பாணத்துப் பெண். பதினொன்றே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்கி, சரியாகப் பன்னிரண்டுக்கு நான்கு பேருக்கும் குத்திவிட்டு, பன்னிரண்டு பத்து பஸ்ஸுக்கு ஓடுவாள். ஊசி பஸ்ஸைப் பார்த்து வந்தது. சோறு கேமராவைப் பார்த்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் நான்கு உயிர் கிடந்தது.

நாகலெட்சுமி இதை மூன்று தடவை ஜீவராஜிடம் சொன்னாள்.

"சேர், ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும். இராமையா மாமாவுக்கு போன வாரம் கை நடுங்கிச்சு."

"வயசானா நடுங்கத்தான் செய்யும். நீங்க எத்தனையாம் வகுப்பு?"

"ஆறு."

"அப்ப டொக்டர் வேலைய டொக்டர் பாக்கட்டும்."

நான்காம் தடவை சொல்வதற்குள் அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

அன்று ஹட்டனில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஹமீத் முதலாளியின் சாப்பாடு. அவருடைய வாப்பாவின் நினைவாக. எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு மாட்டி வரிசையாக உட்கார வைத்தாயிற்று. விடியலிலிருந்து மழை. கஜனி குடையோடு வந்தாள், குத்தினாள், ஓடினாள். பன்னிரண்டரைக்கு டெலிபோன் வந்தது: பாதையில் மண் சரிந்திருக்கிறது, வேன் நிற்கிறது, கொஞ்சம் சுணங்கும்.

பன்னிரண்டே முக்காலுக்கு இராமையாவின் நெற்றி வியர்த்தது. அந்த மழையில், அந்தக் குளிரில், கழுத்து வழியாக ஓடி வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது.

"மாமா, என்னா செய்யுது?"

"மெஷின நிப்பாட்டு புள்ள" என்றார் அவர். "எலை கருகுது."

பகடி பண்ணுகிறாரோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். பகடி இல்லை. கண் எங்கேயோ போயிருந்தது.

மலையில் வெறும் வயிற்றோடு கொழுந்து நிறுக்கக் காத்து நின்ற பெண்கள் இப்படி வியர்த்து விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் வாயில் சீனியைக் கொட்டியதும் எழுந்திருக்கிறார்கள். ஸ்டோர் அறைக்கு ஓடினாள். பூட்டு. சாவி ஜீவராஜின் இடுப்பில். ஜீவராஜ் வாசலில் குடை பிடித்துக்கொண்டு, வராத வேனை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"சேர், சாவி குடுங்க. இராமையா மாமாவுக்குச் சீனி எறங்கிருச்சு."

"பத்து நிமிஷம் பொறுங்க. வந்துக்கிட்டு இருக்காங்க."

"பத்து நிமிஷம் அவரு பொறுக்க மாட்டாரு சேர்!"

"இப்ப பிஸ்கட்டக் குடுத்தா அவங்க கொண்டார புரியாணிய யாரு திம்பா? மொதலாளி மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான். இவருக்கு முழிக்கிற கவலை. நாகலெட்சுமி நேராக ஒப்பீசுக்குள் போனாள். விருந்தாளிகளுக்கென்று அங்கே மேசையில் பூப்போட்ட கோப்பைகள், போத்தலில் சுடுதேத்தண்ணி, கிண்ணம் நிறையச் சீனி, வெட்டாத பட்டர் கேக் ஒன்று. தேத்தண்ணியில் நாலு கரண்டி சீனியைக் கரைத்து, பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றி, இராமையாவின் தலையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள்.

"முழுங்குங்க மாமா. இன்னொரு வாய். துப்பினீங்கன்னா அறைஞ்சிருவேன்."

முழுங்கினார். இன்னொரு கோப்பை கரைத்தாள். பிறகு விருந்தாளிக் கேக்கை வெட்டி, ஊசி போட்ட மற்ற மூவர் கையிலும் திணித்தாள். கத்தி கோணலாகப் போனது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கால் மணி கழித்து இராமையா கண்ணைச் சரியாகத் திறந்து, அவளை அடையாளம் கண்டு, "தேத்தண்ணியில சீனி கூடிப்போச்சே புள்ள, எனக்கு ஆகாதே" என்றார். நாகலெட்சுமி அப்போதுதான் அழுதாள். அதுவும் திட்டிக்கொண்டே அழுதாள்.

வேன் ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது. ஹமீத் முதலாளியும் அவர் மனைவி நஸீராவும் கூடத்துக்குள் வரும்போதே ஜீவராஜின் கண்ணில் பாதிக் கேக் பட்டுவிட்டது.

"யாரக் கேட்டு இத வெட்டுனீங்க? விருந்தாளிக்கு வச்சதுன்னு தெரியாதா?"

"தெரியும் சேர்."

"தெரிஞ்சும் வெட்டுனீங்களா? இதுக்குத்தான் தோட்டத்து ஆளுங்கள வேலைக்கு வைக்கக் கூடாதுங்கிறது!"

அவர் தாத்தாவும் தோட்டத்து ஆள்தான். டை கட்டியதும் அது அவிழ்ந்துபோனது.

நஸீரா இராமையாவின் நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இவங்களுக்கு என்ன நடந்த?"

நாகலெட்சுமி சொன்னாள். ஊசி எத்தனை மணிக்கு, வேன் எத்தனை மணிக்கு, சாவி எங்கே இருந்தது, எல்லாம் சொன்னாள். நஸீராவின் உம்மாவுக்கும் அதே ஊசிதான்.

"நாங்க வாரதுக்காகவா இவங்கள பட்டினி போட்டீங்க?" என்றார் ஹமீத், ஜீவராஜைப் பார்த்து. "நாங்க அப்படிக் கேட்டமா? எங்க வாப்பாட பேருல ஒரு மனிசன் மவுத்தாகியிருந்தா, அந்தச் சோற நாங்க என்னண்டு திங்கிற?"

"இல்லீங்க மொதலாளி, போட்டோவுக்கு எல்லாரும் ஒண்ணா..."

"போட்டோவ விடுங்க தம்பி. மொதல்ல சோறு."

அன்று படம் எடுக்கவில்லை. இராமையா கண் திறந்தபடியே இரண்டு கோப்பை புரியாணி சாப்பிட்டார்.

வேன் போனதும் ஜீவராஜ் சம்பவப் புத்தகத்தை எடுத்தார். அழகான கையெழுத்தில் எழுதினார்: "இராமையா காலை உணவை மறுத்ததால் சிறு மயக்கம். உடன் கவனிக்கப்பட்டது." கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போடுங்க."

நாகலெட்சுமி எழுத்துக் கூட்டி வாசித்தாள். நேரம் எடுத்தது. ஜீவராஜ் பேனையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"காலையில மூணு ரொட்டி தின்னாரு. சுட்டது நானு."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்கு எழுதுறது. கவர்மெண்டு கந்தோர்லருந்து ஆளுங்க வந்து பாத்தா ஒழுங்கா இருக்கணும்ல?"

"அவரு ஒழுங்கா இருக்காரான்னு யாரு பாக்குறது சேர்?"

"வேல வேணுமா, வேணாமா?"

வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மலைக்குப் போனால் குளவி இருக்கிறது. அவள் பேனையை வாங்கினாள். கையெழுத்துக் கோட்டின் மேல் எதுவும் போடாமல், அதற்குக் கீழே குண்டு குண்டாக எழுதினாள்: "12.00 ஊசி. 12.45 வேர்த்தார். சாவி தரவில்லை. 1.35 சோறு." பெயரையும் எழுதி, புத்தகத்தை மூடிக் கொடுத்தாள். ஜீவராஜ் அதைக் கிழிக்கப் பார்த்தார். பக்கங்களில் இலக்கம் அச்சடித்திருந்தது.

"திங்கக்கிழம இல்லத்துக் கமிட்டிக்குச் சொல்றேன். ஒங்க வேலய அவங்க முடிவு பண்ணட்டும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. யாரோ ஒருவரின் பிறந்தநாள் சாப்பாடு ஒரு மணிக்கு வருவதாக இருந்தது. காலைச் சாமான் எடுக்கும்போதே அரிசியும் பருப்பும் எடுத்து வைத்திருந்த நாகலெட்சுமி, பதினொரு மணிக்கே குசினி அடுப்பை மூட்டினாள். கஜனி ஊசித் தட்டோடு வந்தபோது, நான்கு கட்டில்களுக்கும் முன்னால் குறுக்கே நின்றாள்.

"சோறு கைக்கு வராம ஊசி இல்ல மிஸ்."

"அக்கா, என்ர பஸ் போயிடும்."

"போகட்டும். நேத்து ஒரு ஆள் போகப் பாத்தாரு."

அவள் சொன்னதைக் கேட்டதும் கஜனி தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா. நேரத்துக்குச் சாப்பிடினம் எண்டுதானே நான் நினைச்சனான்."

"நெனைச்சா பத்தாது மிஸ். நின்னு பாக்கணும்."

கஜனி நின்றாள். வாசலில் ஜீவராஜ் வந்து நின்றார்; டையைச் சரிசெய்தார்; ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாகலெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. பருப்பும் சோறும் பிசைந்த கோப்பையை இராமையாவின் மடியில் வைத்து, கரண்டியைக் கையில் கொடுத்து, பிறகுதான் அவர் சட்டைக் கையை மடித்து விட்டாள்.

"இப்ப போடுங்க மிஸ்."