இரண்டு முந்தி வைத்த பூங்கா

ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர் எங்கள் எதிர்வீட்டு சூசைமேரி. இருபத்தெட்டு வருஷமாக அவர் போட்ட மயிலையும் மாங்காயையும் உடுத்திக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறை ஏறிவிட்டார்கள். சேலையில் கடைக்காரர் பெயர் இருக்கும், டிசைன் போட்டவர் பெயர் எந்த மூலையிலும் இருக்காது. ஒரே ஒரு இடத்தில் தன் பெயர் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்களிடம் அதைச் சொல்லிச் சொல்லியே உயிரை வாங்கிவிட்டார்.

சென்ற வருஷம் ஜவுளி வியாபாரிகளின் அறக்கட்டளை ஒன்று, ஊருக்குப் பொதுவாக ஒரு பூங்காவும் அதற்குள்ளேயே கலாச்சார மையமும் கட்டப்போகிறோம், யார் வேண்டுமானாலும் டிசைன் தரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியது. தேர்வாகிறவர் பெயர் கல்வெட்டில் வருமாம். சூசைமேரி அன்றைக்கே கிராஃப் பேப்பரை எடுத்துவிட்டார்.

கட்டடமாவது சேலையாவது, அவருக்கு டிசைன் என்றால் டிசைன்தான். புல்வெளியைச் சேலையின் உடம்பாக வைத்து, நடுநடுவே செடிகளைச் சின்னச் சின்னப் புட்டாவாகத் தூவினார். ஒரு முனையில் மேடையையும் அரங்கத்தையும் முந்தியாக நிறுத்தினார். இடது ஓரத்துக்குப் பூச்செடி பார்டர். வலது ஓரத்தை எந்த டிசைன்காரர் மறுபடி வரைவார்? பழக்க தோஷத்தில் மூலையில் எழுதினார்: ‘மறுபக்கம் இதையே திருப்பிப் போடவும்.’

அந்தப் படமே தேர்வானது. எந்தத் தறிக்காரரும் அந்தக் குறிப்பைப் பார்டருக்கென்று புரிந்துகொள்வார். கட்ட வந்த என்ஜினீயர் ஜெயக்குமார் தறியைப் பார்த்ததே இல்லை. முழுப் படத்தையும் பாதி இடத்துக்குள் சுருக்கி, மீதிப் பாதியில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அப்படியே திருப்பிக் கட்டிவிட்டார்.

இரண்டாவது மேடை எழும்பிய பிறகுதான் சூசைமேரி போய்ப் பார்த்தார்.

“ரெண்டு முந்தி வச்ச சேலையை எவ உடுத்துவா?” என்று அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

திறப்பு விழாவில் ஒரு மேடையில் பட்டிமன்றம், எதிர்மேடையில் பிள்ளைகளின் கோலாட்டம். நடுவர் பேசப் பேச பிள்ளைகள் கோலடித்தார்கள், கோலடிக்க அடிக்க நடுவர் தீர்ப்பை மாற்றினார். கல்வெட்டில் பதினேழு பெயர்கள், அதில் பந்தல்காரர் பெயர்கூட இருந்தது. சூசைமேரி பெயரைத்தான் காணோம். எனக்கே வயிறு எரிந்தது.

அறக்கட்டளைத் தலைவருக்கு வேறு எரிச்சல். எதற்கய்யா எல்லாம் ரெண்டு ரெண்டாக இருக்கிறது என்று என்ஜினீயரைக் கடிந்தார். ஜெயக்குமார் கையிலிருந்த மைக் அணையவில்லை.

“தலைவர் நிக்கிற இந்தப் பக்கம்தாங்க நான் கட்டுனது. அது சூசைமேரி பக்கம். எதுவா இருந்தாலும் அவங்களையே கேளுங்க.”

ஊர் முழுக்கக் கேட்டது. சூசைமேரி முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர், ஒரு மாதம் பூங்கா இருக்கும் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

வாசலில் ஒருவர் போனில் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு வாசலும் ஒரே மாதிரி இருந்தால் பாவம் அவரும்தான் என்ன செய்வார்!

“நீ தலைவர் பக்கம் நின்னுகினு இருக்க. ஜல்தி சூசைமேரி பக்கம் வா.”

எங்கள் சூசைமேரி அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக அவரிடம் போய்க் கேட்டார்.

“சூசைமேரின்றது யாருங்க?”

“தெர்லீங்கம்மா. இந்தப் பாதியை ஊருக்கு எழுதி வச்ச மவராசி போல.”

சூசைமேரிக்கு அழுகை பொங்கியது. தான்தான் அது என்று மட்டும் சொல்லவில்லை.