நாருக்குள் வெள்ளை

விஸ்வநத்தத்தில் பேருந்துக்கு நிற்கிறேன். மழை பிடித்துக்கொள்ள, நிறுத்தத்தை ஒட்டிய தன் காளான் கொட்டகைக்குள் அழைக்கிறார், தெரிந்தவரான செல்வி.

"செம்புத் தகட்டத் தொட்டுட்டு வாங்கண்ணே." உடனே சிரிக்கிறார். "பட்டாசுக் கம்பெனிப் பழக்கம். உடம்புல உள்ள கரண்டு போகத் தொடுவோம். இங்கன ஏது தகடு?"

கம்பெனியில் பக்கத்து அறை வெடித்ததிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. வேகவைத்த தேங்காய் நாரைப் பைகளில் அடைத்துக் காளான் விதை போட்டிருக்கிறார். முளைக்காவிட்டால் மறுபடியும் வெடிமருந்து அறைதான்.

உள்ளே ஈர இருட்டு. ஒரு பையின் துளையில் வெள்ளை மொட்டுகள். காட்டுகிறேன். குனிந்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்.

"அப்போ கம்பெனி?"

"போகலண்ணே. இதுக்குத் தண்ணி தெளிக்க ஆளு வேணும்ல."

என் பேருந்து போகிறது. என்னை இங்கே நிறுத்திவைத்த மழைக்கு நன்றியாக, அவர் கையிலிருந்து தெளிப்பானை வாங்கி நானும் ஒரு பையை நனைக்கிறேன்.