காலியாக விட்ட கட்டம்

எங்கள் கம்பத்தில், அதாவது எங்கள் கிராமத்தில், யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் அது முதலில் என் வீட்டுப் படியேறிவிட்டுத்தான் உரியவர் கைக்குப் போகும். காஜா பேராங்கில் அன்று ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் பாரம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. பிறப்புப் பத்திரம், லைசென்ஸ், நில வரி, பள்ளிக்கூடச் சேர்க்கை, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வருவார்கள். காசு வாங்க மாட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாத என் எழுத்தைப் பார்த்து நாலு பேர் தலையாட்டினால் அதுவே எனக்குப் போதும். அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நான். எங்கள் துரை ஒரு முறை என் கையெழுத்தைப் பாராட்டியதை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அப்பேர்ப்பட்ட நான், என் சொந்த வருமான வரிப் பாரத்தில் ஒரு கட்டத்தை ஆறு வருடம் காலியாக விட்டேன். வாடகை வருமானம் உண்டா என்று கேட்கும் கட்டம் அது.

வாடகை தந்தவன் ஒரு பஸ் கண்டக்டர். மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு ஐந்து வருடம் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தான். கிளேபாங் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேலை, நாள் சம்பளம். சின்னக் குழந்தையாக அப்பன் ஆத்தாளோடு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவன். ஜப்பான்காரன் காலத்தில் அப்பனை சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. ஆத்தாள் காய்ச்சலில் போய்விட்டாள். எஸ்டேட்டில் தனியாகக் கிடந்து வளர்ந்து, பிறகு டவுனுக்கு வந்தவன். என் பலகை வீட்டில் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து மாதம் நாற்பது வெள்ளி என்று பேசி முடித்தவன் நான்தான்.

ஆனால் என் மனைவி அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடவில்லை. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேற்று ஆணைக் காசுக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் வாயிலிருந்து வரக் கூடாது என்றாள். அவன் வந்த அன்றைக்கே பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இது உங்க மாமா, என் தம்பி முறை" என்று அறிமுகப்படுத்திவிட்டாள். அவனும் அவளை அக்கா என்றான், என்னை மாமா என்றான். ஒரு வாரத்தில் தலைமுறைகளுக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசிப் பழகிய அக்கம்பக்கத்துச் சிட்டி குடும்பங்களுக்கெல்லாம் அவன் எங்கள் வீட்டுப் பையன் ஆகிவிட்டான். அவர்களோடு அவன் பேசுகிற மலாய் என் மலாயைவிடச் சுத்தம். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு.

காசு கைமாறுகிற முறையையும் அவளே வகுத்தாள். முதல் தேதி மாலை விளக்கேற்றும்போது, சாமி மேடையில் வெற்றிலை வைத்த தட்டில் நாற்பது வெள்ளியை அவன் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போவான். கற்பூரம் அணைந்த பிறகு அவள் எடுத்துக்கொள்வாள். கொடுத்தவன் கொடுத்ததாகவும் இல்லை, வாங்கியவள் வாங்கியதாகவும் இல்லை. கேட்டால் சாமி காசு என்பாள். அந்தச் சாமி காசில்தான் நாங்கள் வாரம் இரண்டு நாள் மீன் வாங்கினோம், பிள்ளைகள் காலுக்குச் சப்பாத்து வாங்கினோம்.

முதல் வருடம் வரிப் பாரம் வந்தபோது பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தில் நானூற்று எண்பது என்று எழுதத்தான் போனேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு மனுசனுக்குச் சோறு போட்டுட்டு, அதுக்கு வாடகைன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுப்பீங்களா? நான் என்ன சாப்பாட்டுக் கடையா வச்சிருக்கேன்?"

அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அவள் மானத்துக்காகச் சொன்னாள். நான் மிச்சமாகிற காசுக்காகக் கேட்டுக்கொண்டேன். ஒரு வருடம் விட்டாகிவிட்டது. அடுத்த வருடம் எழுதினால் போன வருடம் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்களே! அதனால் அதையும் விட்டேன். அப்படியே வருடம் வருடமாக வளர்ந்து, பாரத்தின் அடியில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும்போதெல்லாம் உள்ளங்கை வேர்க்கும். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அரசாங்கத்திடமே பொய்க் கணக்குக் கொடுத்தான் என்றால் வேலை என்னாகும், பென்ஷன் என்னாகும்? இந்தப் பயத்தில் இன்னொரு கெட்ட காரியமும் செய்தேன். அவன் ஒரு நாள், "மாமா, அடையாள கார்டுல இன்னும் எஸ்டேட் அட்ரஸ்தான் இருக்கு. நம்ம வீட்டுக்கு மாத்திரலாமா?" என்று கேட்டான். அப்போது காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட அவசரகாலம், விலாசத்தை மாற்றியே ஆகவேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "இப்ப என்ன அவசரம், நான் பாத்துக்கறேன்" என்றேன். எந்த ஆபீஸ் காகிதத்திலும் அவன் பெயரும் என் வீட்டு நம்பரும் சேர்ந்து வரக் கூடாது என்பதுதான் என் கவலை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

சுதந்திரம் வந்தது. கூடவே குடியுரிமை விண்ணப்பமும் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் போட்டால் சுலபமாகக் கிடைக்கும், தள்ளிப் போனால் கெடுபிடி என்று பஸ்ஸிலும் பசாரிலும் இதே பேச்சு. இங்கே பிறக்காதவர்கள் இத்தனை வருடம் இங்கேயே வசித்ததைக் காட்ட வேண்டும். அவனுடைய எஸ்டேட் வருடங்களுக்கு அங்கே இருந்த கிராணி கடிதம் கொடுத்துவிட்டார். டவுனுக்கு வந்த பிறகு உள்ள வருடங்களுக்கு? பஸ் முதலாளியின் பதிவேட்டில் அவன் பெயர் ஏறியே இரண்டு வருடம்தான். மிச்சம் இருப்பது என் வீடு. வீட்டுக்காரர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஆனால் அதில் அவன் உறவா, வாடகைக்கு இருப்பவனா என்று எழுத வேண்டும்.

அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "மாமா, நம்ம வீட்லதான் இருக்கேன்னு ஒரு லெட்டர் கேக்கறாங்க" என்றான். "பாக்கலாம்" என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாடகைக்காரன் என்று எழுதினால் வாடகை எங்கே என்று கேள்வி வரும். என் மனைவி, "தம்பின்னே எழுதிக் குடுங்களேன், ஊரே அப்படித்தானே நெனச்சிட்டு இருக்கு" என்றாள். சத்தியம் பண்ணுகிற காகிதத்தில் அதை எழுதிப் பின்னால் கண்டுபிடித்தால் அவனுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. இன்றைக்கு யோசிப்போம், நாளைக்கு யோசிப்போம் என்று வாரங்களை ஓட்டினேன். அந்தக் குறிப்பிட்ட நாள் நெருங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. விண்ணப்பத்தை அவன் போட்டுவிட்டானா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கடிதத்தைக் கேட்பானே என்று பயம்.

இதற்கு நடுவே ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாருவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். "இன்னாரைப் பத்து வருடமாக அறிவேன், இங்கேயே வசிக்கிறார்" என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் பாதிப் பேரை அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருந்தால் அதிகம். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, காப்பி கொண்டுவந்து கொடுத்து, வயதானவர்களைக் கைபிடித்துப் படியிறக்கி விட்டவன் அவன்தான். பதினோராவது கடிதத்தை நான் மடித்துக்கொண்டிருந்தபோது அவன் காலி டம்ளர்களை எடுத்துப் போனான். அடுப்படியிலிருந்து என் மனைவி, சத்தம் போடாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "இவ்ளோ பேருக்கு எழுதின கைக்கு அவனுக்கு ஒண்ணு எழுத முடியலியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்னாலதானடி வந்தது எல்லாம்" என்று பிள்ளைகள் எதிரிலேயே கத்தினேன். கத்தி முடித்ததும் அது பொய் என்று எனக்கே தெரிந்தது. மறுநாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு இன்கம் டாக்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது ஒரு சீன இளைஞர் இருந்தார். ஆறு வருட வாடகையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு கிராணிக்கு உரிய அழகான எழுத்தில், குற்றவாளிக்கு உரிய நடுக்கத்தோடு அதை அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்துவிட்டுச் சாப்பாடும் சேர்த்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு ஆளுக்கு மாதம் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு ஆகும், அரிசி என்ன விலை, மீன் என்ன விலை என்று விசாரித்தார். பென்சிலால் கழித்தார், பெருக்கினார். கடைசியில் நான் கட்ட வேண்டியதை வட்டம் போட்டுக் காட்டினார். அபராதம் உட்பட, அவன் இரண்டு மாதம் தட்டில் வைப்பதற்கும் குறைவு. என் ஆபீசுக்கு எழுதுவீர்களா என்று கேட்டேன். தானாக வந்து சொன்னவர் விஷயத்தில் அப்படி ஒன்றும் உத்தேசமில்லை, இதைத் தபாலிலேயே அனுப்பியிருக்கலாம் என்றார்.

வெளியே வந்து ஆற்றுப் பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன். இதற்காகவா ஆறு வருடம் வேர்த்தேன் என்று சிரிப்பு வந்தது. கூடவே பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன். அவனுக்காகப் புலி வாயில் தலையைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வரி கட்டிய ரசீது, முத்திரை வைத்த கணக்கு, "என் வீட்டில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறார்" என்ற கடிதம் மூன்றையும் ஒரு உறையில் போட்டு வைத்திருந்தேன். அவன் வேலை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும் உறையை நீட்டினேன்.

பிரித்துப் பார்த்தான். முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அறைக்குப் போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. வசித்ததற்கு ஆதாரம் போதவில்லை. கடிதம் வந்து மூன்று வாரமாகியிருந்தது. கூடவே இருந்த நகலைப் பார்த்தேன். குடியிருக்கும் இடம் என்ற கட்டத்தில் அவன் கையால், பஸ் டிப்போ என்று எழுதியிருந்தது.

"எதுக்குடா டிப்போன்னு எழுதின? நம்ம வீட்டை எழுத வேண்டியதுதானே!" என்று கத்தினேன்.

"டாக்ஸ் பாரத்தை வருஷா வருஷம் நான்தானே மாமா கொண்டு போய்க் குடுத்தேன்" என்றான். "ஒரு வாட்டி கவரை ஒட்டாம குடுத்துட்டீங்க. படிச்சிட்டேன், தப்புதான். வாடகை எழுதலைன்னு பாத்தேன். நான் இந்த வீட்டை எழுதினா அவங்க இங்க வந்து கேப்பாங்கல்ல. உங்க வேலை போச்சுன்னா அக்காவும் பிள்ளைங்களும் எங்க போவாங்க?"

"அப்படின்னா எங்கிட்ட லெட்டர் ஏன் கேட்ட?"

"நீங்களா குடுத்தா வாங்கிக்கலாம்னு இருந்தேன், மாமா."

என் மனைவி சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கு அழக்கூடத் தெரியவில்லை. பாலத்தின் மேல் நின்று பட்ட பெருமையை நினைத்து அருவருப்பாக இருந்தது. ஒரு மாதம் முன்னால் அந்த ஆபீஸ் படியேறியிருந்தால் போதும். ஒரே ஒரு மாதம். ஒருமுறை தள்ளியதை அந்தச் சுலபமான நாளுக்குள் மறுபடி போட இனி வழியில்லை. என் உறையை வைத்து மறுபடி விண்ணப்பம் போட்டோம். விசாரணை, பரீட்சை, காத்திருப்பு என்று அது பல வருடம் இழுத்தது.

அதற்கு நடுவே, சுதந்திரத்துக்குப் பிறகு முதல் பொதுத் தேர்தல் வந்தது. எங்கள் கம்பத்து வயதானவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிற வேலையை அவன் தானாக எடுத்துக்கொண்டான். என்னையும் என் மனைவியையும் கடைசியாகக் கூட்டிப்போனான். தூறல் பிடித்துக்கொண்டது. வேலி வாசலில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் அவனையும் உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார். "இல்லை, நான் சும்மா காத்திருக்கிறேன்" என்று மலாயில் சிரித்தபடியே சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றான்.

உள்ளே வரிசை நகர நகர நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வெட்கத்தை அன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியவில்லை. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தோம். மழை வலுத்திருந்தது. அவன் வேலி ஓரத்திலிருந்து ஓடிவந்து, "போட்டுட்டீங்களா மாமா?" என்று கேட்டுக்கொண்டே குடையை எங்கள் இருவர் தலைக்கு மேலும் பிடித்தான். அதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. வீடு வரைக்கும் அவன் நனைந்துகொண்டே வந்தான்.