திரும்பி வந்த பாக்கெட்டுகள்

அந்த உத்தரவைக் கொண்டு வந்தவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி, அதிர்ந்து பேசமாட்டார். பதினைந்து நாளுக்கு முன்னால் செல்லூரில் ஒரு கடையிலிருந்து எங்கள் பாக்கெட்டை மாதிரிக்கு எடுத்துப் போனவரும் அவர்தான். அவனியாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கூடத்துக்குள் வந்து, நாற்காலியில் உட்காராமலே காகிதத்தை நீட்டினார்.

"கிருமி இருக்கு பாய். வெந்த கறியில இருக்கவே கூடாத கிருமி. இந்தத் தேதியில போட்ட பாக்கெட் ஒண்ணுகூட வெளியில இருக்கக் கூடாது. பூராம் திரும்ப எடுக்கணும்."

நாங்கள் செய்தது கோழித் துண்டு. வேகவைத்து, மசாலா தடவி, உறைய வைத்து பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்போம். வாங்கிப் போகிறவர்கள் சட்டியில் போட்டு இரண்டு நிமிடம் சூடு காட்டினால் போதும் என்று அட்டையில் அச்சடித்திருந்தோம். நானும் என் மனைவியும் நான்கு பெண்களும்தான் வேலை. கோழிகள் செக்கானூரணிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடமிருந்து வந்தன. தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். கிணறு வற்றிய பிறகு கொட்டகை போட்டுக் கோழி வளர்த்தார். மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று அவருடைய கொட்டகையைப் படம் பிடித்து, ஊர்ப் பெயரோடு அட்டையின் பின்பக்கத்தில் போட்டிருந்தேன். அவருக்கு அதில் பெருமை. உறவுக்காரர்களுக்குக் காட்ட வெறும் அட்டை நாலைந்து கேட்டு வாங்கிப் போனார்.

காகிதத்தில் இருந்த தேதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. அது மாதாந்திர மின்தடை நாள். காலையிலிருந்து ஜெனரேட்டரில் ஓட்டினோம். மதியம் அது நின்றுபோனது. வெந்த கறியை ஆற வைக்கும் மேசை குளிர் அறைக்குள் இருந்தது. மின்சாரம் இல்லாதபோது அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சரக்கெல்லாம் இளகிவிடும். அண்டாவில் கறி வெந்து தயாராக இருந்தது. பச்சைக் கறி வெட்டும் மேசையை ஈரத்துணியால் துடைத்து, வெந்த துண்டுகளை அதில் கொட்டச் சொன்னேன். வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கொட்டலாம் என்றாள் என் மனைவி. வெந்நீர் போட நேரமில்லை, சாயங்காலம் வண்டி வந்துவிடும் என்று சொன்னவன் நான்.

"அன்னைக்கு எதுவும் வித்தியாசமா நடந்துச்சா?" என்று அலுவலர் கேட்டார்.

"இல்ல மேடம்" என்றேன்.

என் மனைவி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மதியமே வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். கடை கடையாக ஏறி, அந்தத் தேதிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி எடுத்தோம். 'இந்தத் தேதியிட்டதை வாங்கியிருந்தால் சாப்பிட வேண்டாம், திருப்பித் தரவும்' என்று என் மனைவி கையால் எழுதிய காகிதத்தை ஒவ்வொரு கடையிலும் ஒட்டினோம். சில கடைக்காரர்கள் மற்ற தேதிச் சரக்கையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தார்கள். பல வருடப் பழக்கமுள்ள ஒருவர், அட்டைப்பெட்டியை வாசல் படிக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த கடை எது என்பதை மட்டும் அவள் பட்டியலைப் பார்த்துச் சொல்வாள்.

நாங்கள் ஒரு கடையில் பாக்கெட்டுகளை அள்ளுவதை யாரோ போனில் வீடியோ எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலைக்குள் அது ஊரெல்லாம் சுற்றியது. 'நோய்க்கோழி, அரசே திரும்பப் பெறுகிறது' என்று தலைப்பு. கூடவே எங்கள் அட்டையின் பின்பக்கம், அந்தக் கொட்டகைப் படம், ஊர்ப் பெயர். என் முகம் அதில் பாதிதான் தெரிந்தது. அவருடைய கொட்டகை முழுசாகத் தெரிந்தது.

பண்ணைக்காரர் அன்றே போன் செய்தார். பரவைச் சந்தைக்கு அனுப்பிய கோழியை ஒரு வியாபாரியும் தொடவில்லை, அவருடைய வண்டி என்று தெரிந்ததும் விலகிப் போனார்கள் என்றார். பக்கத்துப் பண்ணைகளுக்கும் கோழி வாங்க ஆள் வரவில்லையாம். "என் கோழிக்கு என்னா பாய் வந்துச்சு?" என்றார். சரியாகிவிடும் அண்ணே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் அவர் கூப்பிட்டபோதெல்லாம் போன் மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருக்கும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, என் மனைவி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"எடுக்கவும் மாட்டேங்குறீங்க, சொல்லவும் மாட்டேங்குறீங்க. அந்த மனுஷன் என்னங்க பாவம் செஞ்சாரு?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும், நாலு பெண்களின் வேலையும் போகும் என்று வாதாடினேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நான் பயந்தது அந்தப் பெண்களுக்காக அல்ல என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் கணக்குப் பார்த்தபோது, விற்றுப்போனவற்றில் ஐந்து பாக்கெட்டுகள் மட்டும் யாரிடம் என்று தெரியாமல் நின்றன. நாலு வீடுகளைக் கடைக்காரர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். நாலிலும் நன்றாகப் பொரித்துச் சாப்பிட்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை. ஐந்தாவதை வாங்கியவர் விசைத்தறி ஓட்டுகிறவர், பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள் என்று சொல்லி வாங்கிப் போனார் என்று செல்லூர்க் கடைக்காரர் சொன்னார். வீடு எதுவென்று அவருக்குத் தெரியவில்லை.

கர்ப்பிணிப் பெண் என்றதும் என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லூர்ச் சந்துகளில் ஒரு பகல் முழுவதும் அலைந்தோம். தறிச் சத்தத்தில் ஒவ்வொரு வாசலிலும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. பிரசவத்துக்கு வந்த பெண் இருக்கும் வீடு எது என்று கேட்டால், எதற்கு என்பார்கள். பதில் சொன்னால் முகம் மாறும். ஓர் அம்மாள், "அந்த நோய்க்கோழி ஆளா நீங்க?" என்று கேட்டு, வழியை மட்டும் கையால் காட்டினார்.

அந்த வீட்டுக் கதவைத் திறந்தது மகள்தான். வாயும் வயிறுமாக நின்றாள். அவள் நல்லபடியாக நிற்பதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. மசாலா வாடை குமட்டியதால் தான் சாப்பிடவில்லை, அப்பாதான் சாப்பிட்டார் என்றாள். அப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு அன்று காலைதான் வீட்டுக்கு வந்திருந்தார். கன்னம் ஒட்டி, புறங்கையில் பிளாஸ்திரி.

நான் யார் என்று சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. மகளை அழைத்து, குளிர்பெட்டிமேல் கிடந்த எங்கள் அட்டையை எடுத்து வரச் சொன்னார். முன்பக்கத்தைக் காட்டினார்.

"ரெண்டு நிமிசம் சூடு காட்டினாப் போதும்னு போட்டிருக்கீங்க. நான் அதைத்தான் செஞ்சேன்."

பிறகு அட்டையைத் திருப்பிக் கொட்டகைப் படத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கோழி சரியில்லையா, நீங்க சரியில்லையா?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் அப்படிக் கேட்கவில்லை. மகள் சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோழியில ஒண்ணுமில்ல" என்றேன். "பச்சைக் கறி வெட்டுன மேசையில வெந்ததைக் கொட்டுனேன். தப்பு என்னோடதுதான்."

இதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே போய்ச் சொல்லுங்கள் என்று மட்டும் அவர் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அட்டையை மகள் எங்களிடம் தரவில்லை. அது தங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றாள்.

சந்திலிருந்து நேராக அலுவலரிடம் போனோம். நடந்ததைச் சொன்னேன், என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வெந்த பிறகுதான் கிருமி ஏறியிருக்க வேண்டும் என்று அவர் முதலிலேயே யூகித்திருந்தாராம். "அன்னைக்கே சொல்லியிருந்தா, கோழி மேல பழி இல்லைன்னு அன்னைக்கே அறிவிச்சிருக்கலாமே" என்றார். அதைவிடக் கடுமையாக அவர் எதுவும் சொல்லவில்லை. கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. நாலு பெண்களில் இருவர் ஜவுளிக்கடை வேலைக்குப் போனார்கள். அவர்கள் திரும்ப வரவே இல்லை.

எந்தப் போனில் பழி பரவியதோ அதே போனில் நீங்களும் பேசுங்கள் என்றாள் என் மனைவி. "ஜனங்க நம்ம கையில குடுத்த அமானிதம்ங்க இது" என்றாள். நம்பி ஒப்படைத்ததை அப்படித்தான் சொல்வோம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, முகம் முழுசாகத் தெரியும்படி பேசி, வீடியோ எடுத்து அனுப்பினேன். நோய்க்கோழி வீடியோ போன வேகத்தில் இது போகவில்லை. வந்த பதில்களில் பாதி வசவு.

மறுநாள் பண்ணைக்கு நேரில் போனேன். விற்க வேண்டிய நாள் கடந்த கோழிகள் கொட்டகையில் நடக்க இடமில்லாமல் முட்டிக்கொண்டு கிடந்தன. வெயில் தாங்காமல் செத்தவற்றைப் பண்ணைக்காரர் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த மனிதர் என் வீடியோவைப் பார்த்திருந்தார்.

"தப்பு யாருக்கும் வரும் பாய். நீங்க போன் எடுக்கலையே, அதுதான்" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். குடித்துவிட்டு நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

பரவை வியாபாரிகளிடம் அவரோடு நானும் போனேன். இருபது பேர் முன்னால் அதே கதையை மறுபடி சொன்னேன். ஒருவர் கேட்டுவிட்டு நாலு கூடை கோழி இறக்கிக்கொண்டார். மற்றவர்கள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். விற்பனை பழையபடி ஆக அவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் கூடம் ஐந்து மாதம் கழித்துத் திறந்தது. முன்பு வாங்கிய கடைகளில் பாதிகூடத் திரும்பவில்லை. புதுக் கோழிக்காக வேறு பண்ணைகளை விசாரித்துக்கொண்டிருந்தபோது, செக்கானூரணிக்காரரே ஒரு நாள் பைக்கில் வந்து இறங்கினார். கோழி தருகிறேன், ஆனால் அட்டையில் என் கொட்டகைப் படமோ ஊர்ப் பெயரோ இருக்கக் கூடாது என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பச்சைக் கறி மேசை எது, வெந்த கறி மேசை எது என்று என் மனைவியிடம் கேட்டார். இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று காலால் அளந்து பார்த்தார். மின்தடை நாளில் என்ன செய்வீர்கள் என்றார். அன்றைக்கு அடுப்பே பற்ற வைப்பதில்லை என்றாள் அவள்.

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். "அப்பப்ப சொல்லாம வருவேன் பாய்" என்றார்.

"வாங்கண்ணே" என்றேன்.

சொன்னபடியே வருகிறார்.