டயகம ரோட்டில் என் ஐஸ்பெட்டி

நானுஓயா ரயில் ஸ்டேஷனில் வேன் ஓட்டியவர்களில், ஏசியைச் சரிசெய்ய முதலில் மெனக்கெட்டவன் நான்தான். கொழும்பு வெயிலில் வேகும் வெளிநாட்டுக்காரர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக ஆசை. ஆடி மாதம் கம்பளிக்குள் ஒடுங்குகிற ஊரில் குளிரை விலைக்கு வாங்குகிறான் பார் என்று தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் சிரித்தன. வேனுக்கு ஐஸ்பெட்டி என்று பேரும் வைத்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

அட்டன் கராஜில், ஏசிக்குப் போடும் பழைய காஸ் இனிக் கிடைக்காது என்றார்கள். அது மேலே போய், வெயிலின் கெடுதலைத் தடுக்கும் ஓசோனை அரிக்கிறதாம். வேனில் மிச்சமிருந்ததைக்கூடக் காற்றில் விடாமல் ஒரு சிலிண்டருக்குள் உறிஞ்சி எடுத்தார்கள். எண்ணெய், ரப்பர் வளையங்கள் எல்லாம் மாற்றிப் புதுக் காஸ் ஏற்றினார்கள். மலைநாட்டு டிரைவர்கள் குளிருக்குப் பயந்து ஏசியைத் தொடுவதே இல்லை, அதனாலேயே வளையங்கள் காய்ந்து காஸ் கசிகிறது, அடிக்கடி ஏசியைப் போடு என்றும் சொல்லி அனுப்பினார்கள். வானத்துக்கே நல்லது செய்துவிட்ட பெருமையில் நானும் போட்டேன். போடும்போதெல்லாம் கண்ணாடியில் படிந்த ஈரம் ஓடிப்போவதைக் கவனித்தேன்.

அந்த வருஷம் ஆடியிலேயே, டயகமவில் தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவிக்கு வலி கண்டது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொட்டும் மழை. மாமியாரும் சொந்தக்காரப் பெண்கள் நாலு பேரும் கூடவே ஏறிக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பனிக்காற்று ஆகாது என்று ஜன்னல்களை எல்லாம் இறுக மூடிவிட்டார்கள். இத்தனை பேர் மூச்சில் முன்கண்ணாடி உள்ளே வெளுத்துப்போனது. துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் வளைவு எங்கே என்றே தெரியவில்லை. வேனை நிறுத்தினேன். பின்னால் அவள் முனகினாள். தாயையும் பிள்ளையையும் ஒன்றாக இழந்துவிடுவேனோ என்று நடுங்கிப்போனேன்.

ஜன்னலைத் திறக்கச் சொன்னேன், மாமியார் விடவில்லை. ஏசி சுவிட்சில் கை வைத்தேன்.

"புள்ளத்தாச்சிய வெறைக்க வச்சே கொல்லப் போறீங்களா, மாப்பிள்ள?"

"ஏசி ஈரத்த இழுத்துரும், அத்த. சூட்டையும் சேத்துத்தான் போடுறேன். கொஞ்சம் பேசாம இருங்க."

அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

காய்ந்த வெதுவெதுப்பான காற்று வந்தது. கண்ணாடி அடியிலிருந்து மெல்லத் தெளிந்தது. முதலில் வைப்பர், அப்புறம் ரோட்டோர மதகு, அப்புறம் வளைவு முழுவதும் தெரிந்தது. போங்க என்று பின்னாலிருந்து மனைவி சொன்னாள்.

மகள் பிறந்தாள். நர்ஸ் வந்து சொன்னதும், வெட்கம் பார்க்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதேன்.

வீட்டுக்குக் கூட்டிப்போன அன்றும் மழைதான். மாமியார் பேத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வழக்கம்போல ஜன்னல்களை எல்லாம் மூடினார். நான் வேனைக் கிளப்பினேன்.

"அதப் போடாம எங்க கெளம்புறீங்க, மாப்பிள்ள?" என்றார்.