தூபா வைத்த ஈரத் தட்டி

என் மனைவி தூபாவைப் பற்றி நான் ஆரம்பித்தால் என் டாக்சியில் ஏறியவர்கள் இறங்கும் இடத்தையே மறந்துவிடுவார்கள். பீற்றிக்கொள்கிறேன் என்பீர்கள். ஆமாம், பீற்றிக்கொள்கிறேன். ஈரானின் யாத்திரைத் தலமான கோம் நகரில் எங்கள் வட்டாரத்து மொட்டைமாடி ஏர்கூலர்களுக்கெல்லாம் கோடைக்கு முன் புது வைக்கோல் தட்டி மாற்றுவது அவள்தான்.

அவள் தம்பி யதுல்லாவுக்கு அது அவமானம். சோஹான் மிட்டாய்க் கடை முதலாளியின் அக்கா ஊரார் மாடியெல்லாம் ஏறுவதா என்று மூன்று வருடமாக அவளோடு பேச்சில்லை. எதிரே வந்தால் கடைக்குள் புகுந்துகொள்வான். தூபா தெருவில் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கோடையில், பண்டிகை நெருங்கும் நேரம், அவன் மிட்டாய் அடைக்கும் அறையில் ஏசி மதியமானால் நின்றுபோனது. அங்கே ஏர்கூலர் வைக்க முடியாது. ஈரக்காற்று பட்டால் மொறுமொறுவென்று உடைய வேண்டிய சோஹான் பல்லில் ஒட்டும். சூடு தணியட்டும் என்று மாடியிலிருந்த வெளி யூனிட்டின் மேல் தினமும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியிருக்கிறான். எங்கள் குழாயில் வருவது உப்புத்தண்ணீர். அதன் காயில் என்கிற குழாய்ச்சுருள் முழுக்க உப்புப் பூத்து, காற்றுப் போக வழியில்லை. மெக்கானிக்கோ பண்டிகை கழிந்துதான் வருவேன் என்றுவிட்டான்.

"மாமா, அக்காவ கொஞ்சம் வரச் சொல்றீங்களா?" என்று என்னிடம் வந்து நின்றான்.

"ஏன், உனக்கு வாய் இல்லையா?" என்றேன்.

நான்தான் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் தூபா ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரை ஊற்றி, மெல்லிய பிரஷ்ஷால் உப்பை எடுத்தாள். பிறகு காற்றுப் புகும் பக்கத்தில், காயிலிலிருந்து ஒரு சாண் தள்ளி, வைக்கோல் தட்டியை நிறுத்தி, மேலே சொட்டுக்குழாய் வைத்தாள்.

"தண்ணி தட்டிக்கு, குளுந்த காத்து காயிலுக்கு. உப்பு தட்டியோட நின்னுடும்."

யதுல்லா பதறினான். "அக்கா, அந்த ஈரம் உள்ள வந்தா என் சோஹான் ஜவ்வா போயிடும்."

"இது மூச்சு விடுறது மாடியில, உன் ரூம்ல இல்லடா. ஒரு தட்டு சோஹான் பிசுபிசுத்தாலும் இனிமே நான் ஏணில கால் வைக்கல. போதுமா?"

சொன்னால் செய்கிறவள்.

மதிய வெயில் தகித்தது. தட்டி நனைந்துகொண்டே இருக்க, ஏசி ஒருமுறைகூட நிற்கவில்லை. உள்ளே யதுல்லா ஒரு சோஹானை எடுத்து உடைத்தான். படக்கென்ற சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

மிட்டாய் வாங்க நின்ற யாத்ரீகர் ஒருவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "யாருப்பா அந்தம்மா, மேல ஏறி வேலை செய்யுது?"

கூலிக்கு வந்தவள் என்று யதுல்லா சொல்லியிருந்தால் அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

"எங்க அக்கா," என்றான் யதுல்லா. கேட்டது ஒருவர்தான், அவன் சொன்னது தெருக்கோடிவரை கேட்டது. தட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த தூபாவின் கை அப்படியே நின்றது.